எண் ஒன்று, சிம் இரண்டு: வெளிநாட்டில் வாட்ஸ்அப் கணக்கைக் காப்பாற்றுவது

வெளிநாட்டில் இறங்கியதும் வாட்ஸ்அப் வேலை செய்யவில்லை என்று ஒருவர் சொன்னால், முதலில் கேட்க வேண்டியது இதுதான்: சிக்கல் எண்ணிலா, சிம்மிலா, இணையத்திலா? மூன்றும் வேறு வேறு. ஊரில் இருக்கும்போது மூன்றும் ஒரே சிம்மில் வந்துவிடுவதால் நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லையைத் தாண்டியதும் அவை பிரிகின்றன. எது எதற்குத் தேவை என்று தெரியாதவர்கள் பதறிப்போய்த் தொடக்கூடாத பொத்தானைத் தொட்டுவிடுகிறார்கள்.

எண் என்பது கணக்கின் பெயர். அந்த எண் உங்களுடையதுதானா என்று சோதிக்க ஆறு இலக்கக் குறியீடு வரும் வழிதான் சிம். செயலி ஓடுவதற்கு இணையம் இருந்தால் போதும். அது எந்த சிம்மிலிருந்து வந்தாலும், எந்த வைஃபையிலிருந்து வந்தாலும் வாட்ஸ்அப்புக்குக் கவலையில்லை. ஒருமுறை பதிவு செய்து உள்ளே நுழைந்துவிட்டால், மறுபடி குறியீடு கேட்கும் நிலை வராதவரை, புதிய நாட்டு சிம்மின் டேட்டாவிலேயே உங்கள் பழைய எண்ணில் பேசலாம், எழுதலாம். பயணத்துக்கு முன் செய்யும் ஏற்பாடு எல்லாம் இரண்டே நோக்கத்துக்குத்தான்: வெளிநாட்டில் குறியீடு கேட்கும் நிலை வரக்கூடாது, வந்தே தீர்ந்தால் அது நம் கைக்குக் கிடைக்க வேண்டும்.

தொடக்கூடாத பொத்தான் எது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதிய சிம்மைப் போட்டதும், எண்ணை மாற்றிவிட்டீர்களா என்று வாட்ஸ்அப் சில நேரம் கேட்கும். ‘ஆம்’ என்று தட்டி, பயண சிம்மின் எண்ணைக் கொடுத்து, வந்த குறியீட்டையும் போட்டால், உங்கள் கணக்கு முழுவதும் அந்த எண்ணுக்குக் குடிபெயர்ந்துவிடும். குரூப்களில் எண் மாறிய அறிவிப்பு போகும். ஊர் எண்ணுக்கு அனுப்பிப் பழகியவர்களின் செய்திகள் உங்களை வந்து சேராது. இதைவிடப் பெரிய ஆபத்து திரும்பி வந்தபின். பயண சிம் காலாவதியானதும் அந்த நிறுவனம் அதே எண்ணை வேறொருவருக்குக் கொடுக்கும். அவர் அதில் வாட்ஸ்அப் பதிவு செய்தால் நீங்கள் வெளியேற்றப்படுவீர்கள். ஒரு வாரப் பயணத்துக்கும் ஒரு மாதப் பயணத்துக்கும் எண் மாற்றத் தேவையே இல்லை. பல ஆண்டுகள் அங்கேயே தங்கப் போகிறவர்கள் மட்டும், உள்ளூர் எண் நிலையாகக் கைக்கு வந்தபின் மாற்றலாம்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் செலவழித்தால் போதும். முதல் வேலை டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன். செட்டிங்ஸில் அக்கவுண்ட் பகுதிக்குள் இருக்கிறது. ஆறு இலக்கப் பின் (PIN) ஒன்றை நீங்களே வைக்கலாம். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்கத்தையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது ஒவ்வொரு முறையும் மாறும். இது நீங்கள் மாற்றும்வரை மாறாது. உங்கள் சிம் யார் கையில் சிக்கினாலும் இந்தப் பின் தெரியாமல் உடனே கணக்குக்குள் நுழைய முடியாது. பின் வைக்கும்போதே மின்னஞ்சல் முகவரி கேட்கும். அதைத் தாண்டிப் போக வசதி உண்டு, ஆனால் தாண்டாதீர்கள். பின் மறந்து, மின்னஞ்சலும் கொடுக்காமல் விட்டிருந்தால் ஏழு நாள் காத்திருந்தால்தான் கணக்கு திறக்கும். பத்து நாள் பயணத்தில் ஏழு நாள் அப்படிப் போனால் என்ன மிஞ்சும்?

அதே அக்கவுண்ட் பகுதியில் பாஸ்கீ என்று ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 2023 அக்டோபரிலும் ஐபோனில் 2024 ஏப்ரலிலும் வந்தது. கைரேகையோ முகமோ காட்டி உள்ளே நுழையும் வழி இது. இருக்கும் போனில் மறுபடி உள்நுழைய நேர்ந்தால் எஸ்எம்எஸ்ஸை எதிர்பார்க்க வேண்டியதில்லை. பயணம் போகிறவர்களுக்கு இதைவிட உதவியான வசதி அந்தச் செயலியில் வேறில்லை என்பது என் எண்ணம்.

அடுத்தது பேக்கப், அதாவது உரையாடல்களின் நகல். சாட் பேக்கப் பக்கத்தைத் திறந்து, கடைசியாக எப்போது எடுக்கப்பட்டது என்ற தேதியைப் பாருங்கள். நிறையப் பேருக்கு அது பல மாதம் பழையதாக இருக்கும். ஆண்ட்ராய்டில் பேக்கப் கூகுள் கணக்கின் 15 ஜிபி இலவச இடத்துக்குள் சேர்கிறது. புகைப்படங்களும் மின்னஞ்சலும் அந்த இடத்தை நிரப்பியிருந்தால் பேக்கப் நின்றுபோயிருக்கும். ஐக்ளவுடில் இலவச இடம் 5 ஜிபிதான், அது இன்னும் சீக்கிரம் நிறையும். வீடியோக்களைச் சேர்க்காமல் விட்டால் பேக்கப் பெரும்பாலும் இலகுவாகி முடிந்துவிடும். கையோடு ஒருமுறை பேக்கப் பொத்தானை அழுத்தி, முடியும்வரை வைஃபையில் விடுங்கள். என்ட்-டு-என்ட் பேக்கப்பை, அதாவது உங்கள் சாவி இல்லாமல் திறக்க முடியாதபடி பூட்டிய பேக்கப்பை, இயக்கியிருந்தால் அதன் கடவுச்சொல்லையோ 64 இலக்கச் சாவியையோ போனுக்கு வெளியே ஓரிடத்தில் எழுதி வையுங்கள். அது தொலைந்தால் பேக்கப்பை யாராலும் திறந்து தர முடியாது.

பூட்டுக்குப் பின்னால் இன்னொரு பூட்டு இருப்பதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. போன் தொலைந்து புதுப் போன் வாங்கினால், பேக்கப்பை இறக்க அதே எண்ணும் வேண்டும், அதே கூகுள் கணக்கும் வேண்டும். கூகுள் கணக்கில் நுழையப் போனால் அது தன் பங்குக்கு, தொலைந்த போனுக்கே ஒரு குறியீட்டை அனுப்பும். இந்தச் சுழலை உடைக்க கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் பேக்கப் கோட்ஸ் என்ற மாற்றுக் குறியீடுகள் கிடைக்கும். எட்டு இலக்கத்தில் பத்து குறியீடுகள், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். காகிதத்தில் அச்செடுத்து, போன் இருக்கும் பையில் போடாமல் வேறு பையில் வையுங்கள்.

இனி சிம் ஏற்பாடு. ஊர் சிம் எண்ணுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும், பயண இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே நிறுவும் சிம்) டேட்டாவுக்கு என்று பிரித்துக்கொள்வதே நல்ல வழி. கடைகளிலும் இணையத்திலும் விற்கும் பயண இ-சிம்களில் பல வெறும் டேட்டா மட்டும் தருபவை. அவற்றில் எண்ணே கிடையாது, ஆகவே குறியீடும் வராது. இதைத் தெரியாமல் ஊர் சிம்மைக் கழற்றி வீட்டு மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போகிறவர்கள்தான் வங்கி ஓடிபிக்கும் வாட்ஸ்அப் குறியீட்டுக்கும் தவிக்கிறார்கள். ஊர் சிம் போனிலேயே இருக்கட்டும். கணக்குள்ள எண்ணின் சிம்மும் போனிலேயே இருக்க வேண்டும் என்று வற்புறுத்தும் விதிகள் சில நாடுகளில் வரத் தொடங்கியிருப்பதால் இதற்கு இப்போது கூடுதல் காரணமும் உண்டு.

உங்கள் போன் இ-சிம் ஏற்குமா என்று பார்க்க, அழைப்புத் திரையில் நட்சத்திரக் குறி, வேலிக் குறி, பூஜ்யம், ஆறு, வேலிக் குறி (*#06#) என்று வரிசையாக அழுத்துங்கள். வரும் பட்டியலில் இஐடி என்று நீளமான எண் இருந்தால் ஏற்கும். தவணையில் நிறுவனத்திடமே வாங்கிப் பூட்டப்பட்ட போனாக இருந்தால் வேறு நிறுவன இ-சிம்மை ஏற்காது என்பதையும் கவனியுங்கள். இ-சிம்மை நிறுவ இணையம் வேண்டும், அதனால் வீட்டு வைஃபையிலேயே நிறுவிவிடுங்கள். அங்கே போய் இறங்கி, வைஃபை தேடி, அதே போனின் திரையில் இருக்கும் க்யூஆர் குறியீட்டை எதால் ஸ்கேன் செய்வது என்று விழிக்க வேண்டாம். நிறுவிய இ-சிம்மை, சரியாக வரவில்லை என்று அவசரப்பட்டு அழிக்காதீர்கள். அந்த க்யூஆர் பெரும்பாலும் ஒருமுறைதான் வேலை செய்யும்.

விமானம் இறங்கியபின் செட்டிங்ஸில் சிம் பக்கத்தைத் திறந்தால் இரண்டு வரிகள் தெரியும். மேலே ஊர் சிம், கீழே பயண சிம். மொபைல் டேட்டாவுக்கு எது என்ற இடத்தில் பயண சிம்மைத் தேர்ந்தெடுங்கள். ஊர் சிம்மின் டேட்டா ரோமிங் (வேறு நிறுவன நெட்வொர்க்கில் டேட்டா ஓட விடும் வசதி) அணைந்திருக்க வேண்டும். பயண சிம்மின் டேட்டா ரோமிங் எரிய வேண்டும். இது தலைகீழாகத் தோன்றும், ஆனால் பயண இ-சிம்கள் பலவும் உண்மையில் வேறொரு நாட்டு நிறுவனத்தின் சிம்தான். அங்குள்ள நெட்வொர்க்கில் ரோமிங்கில்தான் ஓடுகின்றன. சிக்னல் கோடுகள் நிறையத் தெரிந்தும் இணையம் வரவில்லை என்றால் பெரும்பாலும் இந்த ஒரு பொத்தான்தான் காரணம். அடுத்து, அதே பக்கத்தில் டேட்டா சிம்மைத் தானாக மாற்றிக்கொள்ளும் வசதி ஒன்று இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பயண சிம்மில் சிக்னல் குறையும் நேரம் பார்த்து போன் ஊர் சிம்முக்குத் தாவும், ரோமிங் கட்டணமும் ஓடத் தொடங்கும். ஐபோன்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: புதிய சிம் சேர்ந்ததும் ஐமெசேஜ் தன்னைப் பதிவு செய்துகொள்ளச் சத்தமில்லாமல் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும், அது வெளிநாட்டு எஸ்எம்எஸ் கட்டணத்தில் விழலாம். பழைய எண்ணையே வைத்துக்கொள் என்று தேர்வு செய்யுங்கள்.

டேட்டா ரோமிங்கை அணைப்பதும் ரோமிங்கையே அணைப்பதும் ஒன்றில்லை. எஸ்எம்எஸ் வர, ஊர் சிம் வெளிநாட்டு நெட்வொர்க்கில் பதிவாகியிருக்க வேண்டும். அதற்கு உங்கள் நிறுவனத்தில் ரோமிங் சேவை இயக்கப்பட்டிருக்க வேண்டும். இதை ஊரிலிருந்தே கேட்டு இயக்கிவிடுங்கள். ப்ரீபெய்டு என்றால் திரும்பி வரும் தேதியையும் தாண்டி ரீசார்ஜ் செல்லுபடியாக வேண்டும். நடுவில் முடிந்துபோனால் சிம் பதிவாகாது, குறியீடும் வராது. எஸ்எம்எஸ் பெறுவதற்குக் கட்டணம் உண்டா என்பதையும் கூடவே கேட்டுக்கொள்ளுங்கள். பல நிறுவனங்களில் பெறுவது இலவசம், அனுப்புவதற்கும் அழைப்பை எடுப்பதற்கும்தான் காசு.

போய்ச் சேர்ந்தாயிற்று, அனுப்பிய செய்தியில் ஒற்றை டிக் மட்டும் நிற்கிறது என்றால், செய்தி வாட்ஸ்அப் சர்வர்வரை போய்விட்டது, உங்கள் பக்கம் எல்லாம் சரி. எதிரில் இருப்பவர்தான் இணையத்தில் இல்லை. டிக்கே இல்லாமல் கடிகாரச் சின்னம் நின்றால்தான் சிக்கல் உங்கள் போனில். விமான நிலையத்திலும் விடுதியிலும் இதற்கு முதல் காரணம் வைஃபையின் நுழைவுப் பக்கம். வைஃபை சின்னம் எரியும், ஆனால் அறை எண்ணோ ஒப்புதலோ கொடுக்கும்வரை எதுவும் வெளியே போகாது. வாட்ஸ்அப்பால் அந்தப் பக்கத்தைக் காட்ட முடியாது. பிரவுசரைத் திறந்து ஏதாவது ஒரு தளத்துக்குப் போனால் தலைகாட்டும். அப்போதும் வரவில்லையா? விபிஎன் (இணையப் போக்கை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் செயலி) ஓடுகிறதா, ஆண்ட்ராய்டில் பிரைவேட் டிஎன்எஸ் என்ற இடத்தில் ஏதாவது முகவரி போட்டு வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டையும் அணைத்தால் பெரும்பாலும் நுழைவுப் பக்கம் வரும். மற்ற தளங்கள் திறந்தும் வாட்ஸ்அப் மட்டும் இணையவில்லை என்றால் போனின் தேதியையும் நேரத்தையும் சரிபாருங்கள். நேர மண்டலத்தை மாற்றுவதற்குப் பதில் கடிகாரத்தைக் கையால் நகர்த்தி வைத்திருந்தால், பாதுகாப்பான இணைப்பை உருவாக்க முடியாமல் செயலி மறுக்கும். தானியங்கி நேரம், தானியங்கி நேர மண்டலம் இரண்டும் எரியட்டும்.

வெளிநாட்டில் சொல்லக்கூடாத ஆலோசனை ஒன்று உண்டு: அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள் என்பது. ஊரில் இதனால் பெரிய நட்டமில்லை, இரண்டு நிமிடத்தில் குறியீடு வந்துவிடும். அங்கே செயலியை அழித்த அந்த நொடியே நீங்கள் கணக்குக்கு வெளியே. ஆண்ட்ராய்டில் ‘டேட்டாவை அழி’ என்ற பொத்தானும் இதையேதான் செய்யும். ‘கேச் அழி’ பாதுகாப்பானது. போனை அணைத்துப் போடுவது இன்னும் பாதுகாப்பானது.

அப்படியும் குறியீடு கேட்டுவிட்டது, வரவில்லை என்று வையுங்கள். திரையில் நீங்கள் இட்ட எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படியுங்கள். நாட்டுக் குறியீட்டுப் பட்டியலில் இப்போது இருக்கும் நாடு தேர்வாகியிருக்கலாம். அங்கே உங்கள் எண்ணின் நாடு வர வேண்டும். எண்ணின் முன்னால் பூஜ்யம் கூடாது. பிறகு ஊர் சிம்முக்கு நெட்வொர்க் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அரை நிமிடம் ஏரோபிளேன் மோடில் போட்டு எடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுப்பதை நிறுத்திவிட்டு, பட்டியலில் உள்ள ஒவ்வொரு நிறுவனமாகக் கையால் தொட்டுப் பாருங்கள். உங்கள் ஊர் நிறுவனத்துக்கு எல்லாருடனும் ஒப்பந்தம் இருக்காது. ஒன்று மறுக்கும், அடுத்தது ஏற்கும். ஊர் சிம்மில் வைஃபை காலிங் இருந்து, நிறுவனம் அதை வெளிநாட்டிலும் அனுமதித்தால், விடுதி வைஃபையிலேயே எஸ்எம்எஸ் வந்து சேரவும் வாய்ப்புண்டு.

இந்த நேரத்தில் ‘மறுபடி அனுப்பு’ பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கத் தோன்றும். அதை அடக்க வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் காத்திருப்பு நீளும். நிமிடமாக இருந்தது மணிக்கணக்காகும். ரோமிங்கில் எஸ்எம்எஸ் தாமதமாக வருவது வழக்கம் என்பதால், மூன்று முறை கேட்டிருந்தால் மூன்றும் ஒன்றாக வந்து விழும், எது கடைசி என்று தெரியாமல் பழையதைப் போட்டு, தவறான முயற்சிகளும் கணக்கில் ஏறும். ஒருமுறை கேளுங்கள், பொறுங்கள். எஸ்எம்எஸ் செயலியின் ஸ்பாம் பகுதியையும் பாருங்கள். பிறகு ‘அழைத்துச் சொல்’ என்ற வழியைத் தேர்ந்தெடுங்கள். அப்போது ஊர் சிம்மில் வாய்ஸ்மெயிலோ கால் ஃபார்வர்டிங்கோ இருக்கக் கூடாது. இருந்தால் அழைப்பு அங்கே போய்க் குறியீட்டைச் சொல்லிவிட்டு வந்துவிடும். மின்னஞ்சலை முன்பே அக்கவுண்ட் பகுதியில் சரிபார்த்து வைத்திருந்தால், அதற்குக் குறியீடு அனுப்பும் வழியும் திரையில் தோன்றலாம். இணையத்தில் கிடைக்கும் இலவச எண்கள் இதற்கு ஆகாது. இணையவழி எண்களை வாட்ஸ்அப் ஏற்பதில்லை. ஏற்றாலும் ஊரே பார்க்கும் எண் அது.

குறியீடு என்ற பேச்சு வந்ததால் சொல்கிறேன்: நீங்கள் கேட்காமலே குறியீடு வந்தால், யாரோ உங்கள் எண்ணைப் பதிவு செய்யப் பார்க்கிறார்கள். தெரிந்தவர் பெயரிலேயே, தவறுதலாக உங்களுக்கு ஒரு எண் வந்துவிட்டது, அனுப்புங்கள் என்று செய்தி வரும். அனுப்பாதீர்கள். பயணத்தில் நாம் அரைத் தூக்கத்தில் பதில் போடும் வேளைகளில்தான் இது பலிக்கிறது.

அங்குள்ள ஓட்டுநரின் எண்ணையோ விடுதி எண்ணையோ சேமித்தும் வாட்ஸ்அப்பில் ஆளே வரவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். கூட்டல் குறியும் நாட்டுக் குறியீடும் இல்லாமல் சேமித்தால், உங்கள் கணக்கின் நாட்டு எண்ணாகவே அதைச் செயலி எடுத்துக்கொள்ளும். பிரிட்டனில் 07 என்று தொடங்கும் கைபேசி எண்ணை +44 7 என்று போட வேண்டும். இத்தாலியில் தரைவழி எண்ணின் பூஜ்யத்தை எடுக்கக் கூடாது. ரோமின் எண் +39 06 என்றே தொடங்கும். அர்ஜென்டினாவில் +54-க்குப் பின் ஒரு 9 சேர்த்து, உள்ளூரில் சொல்லும் 15-ஐ நீக்க வேண்டும். ஒரே ஒருமுறை பேச வேண்டிய ஆள் என்றால் சேமிக்கவே வேண்டாம். எண்ணை முழு வடிவத்தில் உங்களுக்கே செய்தியாக அனுப்பிக்கொண்டு அதன்மேல் தட்டினால் சாட் திறக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் சில நாடுகளில் சில வேலைகள் நடக்காது. ஐக்கிய அரபு அமீரகத்தில் செய்தி போகும், அழைப்பு இணையாது; அங்கே அனுமதி பெற்ற தனிச் செயலிகளில்தான் இணைய அழைப்பு. சீனாவில் வாட்ஸ்அப்புக்கே தடை. 2017 முதல் உள்ளூர் வைஃபையில் செய்திகூடப் போகாது. ஆனால் வெளிநாட்டு சிம்மின் ரோமிங் டேட்டா அந்த நாட்டுச் சுவரைச் சுற்றிக்கொண்டு சிம்மின் சொந்த நாட்டு நெட்வொர்க் வழியாக வெளியேறுவதால், அதில் வேலை செய்யும். ஆகவே சீனா போகிறவர்கள் உள்ளூர் சிம் வாங்குவதைவிட வெளிநாட்டில் வாங்கிய இ-சிம்மையோ ரோமிங்கையோ நம்புவது நல்லது. விடுதியில் வைஃபையில் இணைந்ததும் எல்லாம் நின்றுவிட்டால், வைஃபையை அணைத்துப் பாருங்கள்.

சீனாவில் வீசாட், ஜப்பானில் லைன், கொரியாவில் காகாவ்டாக் என்று அங்கங்கே ஆட்சி செய்யும் செயலி வேறு. தேவைப்படும் என்றால் அவற்றையும் ஊரிலேயே, ஊர் எண்ணிலேயே பதிவு செய்யுங்கள். பயண சிம் எண்ணில் பதிவு செய்தால் சிம்மோடு கணக்கும் போகும். வீசாட் மட்டும் கூடுதல் தொல்லை: ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் உங்கள் திரையில் தோன்றும் க்யூஆர் குறியீட்டைத் தன் போனில் ஸ்கேன் செய்து சாட்சி சொல்லும்படி கேட்கும். அந்தக் குறியீடு சில நிமிடங்களில் காலாவதியாகும், சாட்சி சொல்பவரும் புதுக் கணக்குக்காரராக இருக்கக் கூடாது. ஆளைத் தயாராக வைத்துக்கொண்டு பதிவைத் தொடங்குங்கள். டெலிகிராமில் பார்க்க வேண்டியது வேறு: குறியீடு முதலில் உங்கள் கணக்கு ஏற்கெனவே திறந்திருக்கும் இன்னொரு கருவிக்குத்தான் போகும். வீட்டுக் கணினியில் திறந்து வைத்துவிட்டு வந்து, எஸ்எம்எஸ்ஸுக்காக இங்கே காத்திருப்பதில் பயனில்லை.

பழைய போன் ஒன்று சும்மா கிடந்தால் எடுத்துப் போங்கள். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் வழியாக நான்கு கருவிகள்வரை இணைக்கலாம். 2023 முதல் இன்னொரு போனையும் அப்படி இணைக்க முடியும். சிம் வேண்டாம், வைஃபை போதும். முதன்மைப் போன் அணைந்திருந்தாலும் இது ஓடும். 14 நாள் முதன்மைப் போனைத் திறக்காமல் விட்டால்தான் இணைப்பு அறுபடும். ஆனால் இணைக்கும் வேலைக்கு முதன்மைப் போன் கையில் இருக்க வேண்டும், அதனால் புறப்படும் முன்பே இணைத்துவிடுங்கள்.

போன் தொலைந்தேவிட்டால், முதலில் ஊர் நிறுவனத்தைக் கூப்பிட்டு சிம்மை முடக்குங்கள். அதோடு வேலை முடியவில்லை: சிம் செத்தாலும் அந்தப் போனில் வாட்ஸ்அப் வைஃபையில் ஓடிக்கொண்டே இருக்கும். கணக்கை முடக்கும்படி வாட்ஸ்அப்பின் உதவி முகவரிக்கு, கூட்டல் குறியோடு முழு எண்ணையும் எழுதி அனுப்ப வேண்டும். முடக்கிய கணக்கை 30 நாளுக்குள் மீட்காவிட்டால் அழித்துவிடுவார்கள். அதற்குள் ஊர் திரும்பி மாற்று சிம் வாங்க முடியுமா என்று நாளை எண்ணிப் பார்த்துவிட்டு முடக்குங்கள். உங்கள் நிறுவனம் தொலைவிலிருந்தே இ-சிம்மாக மாற்றித் தருமானால், புதிய போனில் அதை ஏற்றிக் கணக்கைப் பதிவு செய்த உடனே பழைய போன் தானாக வெளியேறிவிடும். அதுவே விரைவான வழி.

ஊர் திரும்பியதும் டேட்டாவை ஊர் சிம்முக்கு மாற்றுங்கள், பயண இ-சிம்மை அணையுங்கள். பிறகு லிங்க்டு டிவைசஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள். விடுதிக் கணினியில் டிக்கெட் அச்செடுக்கத் திறந்த வாட்ஸ்அப் வெப் இன்னும் அதில் இருக்கும். அதன்மேல் தட்டி வெளியேற்றுங்கள்.